தேங்காய் பட்ட முன்கண்ணாடி

1

வழக்கமாக இந்தக் குறிப்புகளைக் கால்கரியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து எழுதுவேன். வெளியே பனி பெய்யும். உள்ளே நான் தாம்பரத்தை நினைத்துக்கொண்டிருப்பேன். இம்முறை விடுப்பில் வந்து, கிழக்குத் தாம்பரத்தில் அக்கா வீட்டு மாடி அறையில் விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். வேர்க்கிறது. கால்கரியை நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கே இருந்தாலும் இன்னொரு ஊரைப் பற்றி எழுதுவதே என் வேலை போலிருக்கிறது.

விஷயம் சிறியதுதான். அக்கா வீட்டுக் காரின் முன்கண்ணாடி உடைந்துவிட்டது. உடைத்தது நான்.

2

சுகுணா அக்கா காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறார். ஓய்வு பெற அதிக காலமில்லை. இந்த வயதில் போய் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். முதல் தடவை தேர்வில் எட்டுப் போடும்போது ஓரத்தில் நட்ட கம்பைச் சாய்த்துத் தோற்று, மறுபடி போய் வென்று, உரிமம் வாங்கிவிட்டார். அந்த அட்டையைப் பூஜை அறையில் வைத்திருந்தார். புகைப்படத்தில் அக்கா யாரையோ திட்டப் போவதுபோல் இருக்கிறார்.

“கார் எதுக்குக்கா?” என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை காலையில கோவளம் போயி படகு வந்ததும் மீன் வாங்கிட்டு வரணும். அவ்ளோதான். ‘வர்றீங்களா, வர்றீங்களா’ன்னு யார்கிட்டயும் கெஞ்சக் கூடாது.”

அந்த ‘யார்’ என்பது மாமா. அக்காவின் கணவர். நல்லவர். எச்சரிக்கையானவர். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் வண்டியை எடுப்பதில்லை. எடுக்காத வண்டி எதற்கு, விற்றுவிடலாம் என்று ஒரு தரகரை வரவழைத்துக் காட்டியும்விட்டார். அக்கா உரிமத்தோடு வந்து நின்றதும் மாமாவால் நேராக மறுக்க முடியவில்லை. நண்பர்களோடு காசிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு நிபந்தனை போட்டார்.

“நான் திரும்பி வர்ற வரைக்கும் ஓட்டிப் பாரு. ஒரு கீறல் விழுந்துச்சுன்னு வையி, மறுநாளே தரகர் வந்து எடுத்துட்டுப் போயிடுவார். அப்புறம் என்னைய சொல்லக் கூடாது.”

“விழாது” என்றார் அக்கா.

மாமாவை அழைத்துப் போன வாடகைக் கார் தெருமுனை திரும்பியதும் அக்கா எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

3

முதல் ஓட்டத்துக்கு முன்னால் வண்டிக்குப் பூஜை. கண்ணாடிக்குக் குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சை. பிறகு கற்பூரம் ஏற்றிய தேங்காயால் வண்டியைச் சுற்றி, வண்டிக்கு எதிரே தரையில் ஓங்கி உடைக்க வேண்டும். வீட்டில் இருந்த ஒரே ஆண் நான். அக்கா தேங்காயை என் கையில் கொடுத்தார்.

கால்கரியில் நான் தேங்காய் உடைப்பது பாத்திரம் கழுவும் தொட்டிக்குள், ஒரு துண்டைச் சுற்றி, சுத்தியலால் மெல்லத் தட்டி. மரத்தரையில் கீறல் விழக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டக்கூடாது. இத்தனை வருஷமாகத் தட்டித் தட்டியே உடைத்தவனுக்குத் தெருவில் நின்று ஓங்கி அடிக்க அனுமதி கிடைத்தால் என்ன ஆகும்? உள்ளே சேர்ந்து கிடந்ததெல்லாம் கைக்கு வந்துவிட்டது. போதாக்குறைக்கு, சுத்தமான இடமாக இருக்கட்டும் என்று சாக்கடை மூடியின் இரும்பு விளிம்பைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

தேங்காய் அருமையாக உடைந்தது. ஒரு பாதி தெருநாய் பக்கம் போயிற்று. இன்னொரு பாதி எகிறி, முன்கண்ணாடியின் இடது கீழ்மூலையில், மாமா ஒட்டியிருந்த வேல் படத்தின் மேல் போய் அடித்தது. டொக் என்று ஒரு சத்தம். பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இடத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி நிதானமாக மேலே ஏறி, கண்ணாடியின் நடுவுக்கு வந்து நின்றது.

அக்கா அந்தக் கோட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, “திருஷ்டி கழிஞ்சிடுச்சு” என்றார்.

4

ஒழுங்காக யோசிப்போம் என்று சொல்லி அக்காவை உட்காரவைத்தேன். வழிகள் இரண்டு. ஒன்று, காப்பீட்டில் சொல்லி மாற்றுவது. இரண்டு, கடையில் மாற்றுவது. மாமா வருவதற்குள் முடிய வேண்டும்.

காப்பீட்டு அலுவலகத்துப் பெண் மிக அன்பாகப் பேசினார். எல்லாம் உடனே ஆகிவிடும், வண்டி உரிமையாளரின் கைப்பேசிக்கு ஒரு எண் வரும், அதை மட்டும் சொன்னால் போதும் என்றார். உரிமையாளர் காசியில் இருந்தார். அக்கா, விஷயத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தார்.

“ஏங்க, உங்க ஃபோனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். அதக் கொஞ்சம் படிங்க.”

அந்தப் பக்கம் மணியோசை, கூட்டத்தின் இரைச்சல். பிறகு மாமாவின் குரல் மிகவும் தாழ்ந்து வந்தது.

“நீங்க யாரு பேசறது?”

“நான்தாங்க. சுகுணா.”

“சுகுணா குரல் மாதிரியேதான் இருக்கு. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல குரலயே செஞ்சிடறாங்களாம். நம்ம கல்யாணம் எந்த மண்டபத்துல?”

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மண்டபத்தின் பெயரைச் சொன்னார்.

“அது பத்திரிகையிலயே போட்டிருக்கு. யாரு வேணும்னாலும் சொல்லலாம்.”

“அன்னிக்கு உங்க வேட்டி அவுந்தது பத்திரிகையில போட்டிருக்கா?”

மாமாவின் குரல் இன்னும் தாழ்ந்தது. “சுகு, நீயாவே இருந்தாலும் ஓடிபி சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க. வெச்சிடறேன்” என்று வைத்துவிட்டார்.

முதல் வழி மூடிற்று. இரண்டாவது வழிக்கு, கடைகளை ஒவ்வொன்றாக அழைத்தோம். அது பழைய மாடல். இப்போது தயாரிப்பில் இல்லை. கடைசியில் கூடுவாஞ்சேரியில் ஒரு கடையில் கண்ணாடி இருந்தது. வீட்டுக்கு வந்து மாற்றுவீர்களா என்றேன். “ஆள் கம்மி சார். வண்டிய இங்க எடுத்துட்டு வந்துடுங்க, மாத்திடலாம்.”

எடுத்துக்கொண்டு போவது யார்? அக்கா அதுவரை ஓட்டியதெல்லாம் பயிற்சிப் பள்ளி வண்டியில், உள்தெருக்களில், பக்கத்தில் ஆசிரியரோடு. கூடுவாஞ்சேரிக்கு ஜிஎஸ்டி சாலை வழியாகத்தான் போக வேண்டும். நான் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு எடுத்துத்தான் வந்திருந்தேன். விமான நிலையத்திலிருந்து வந்த வழியில் ஜிஎஸ்டி சாலையைப் பார்த்தபின் அதைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு மூன்றாவது வழி தோன்றியது.

“கண்ணாடிய நாம வாங்கிட்டு வந்துடலாம்க்கா. நானே மாத்திடறேன்.”

5

இங்கே கால்கரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் சாலை வழுக்காமலிருக்கச் சரளைக்கல் தூவுவார்கள். முன்னால் போகும் லாரி அதை வாரி நம் கண்ணாடியில் அடிக்கும். விரிசல் இல்லாத கண்ணாடியோடு ஒருவர் வண்டி ஓட்டினால் அவர் ஊருக்குப் புதிது என்று அர்த்தம். ஆளை வைத்து மாற்றினால் கூலி தாங்காது. அங்கே எல்லாவற்றுக்கும் கூலி தாங்காது. அதனால் நான் குழாய் மாற்றுகிறேன், சுவருக்கு வண்ணம் பூசுகிறேன், என் முடியை நானே வெட்டிக்கொள்கிறேன். (அக்கா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “உடம்புக்கு ஏதாவதா?”)

ஒரு வசந்தகாலத்தில் என் வண்டியின் முன்கண்ணாடியையும் நானே மாற்றினேன். நானே என்றால், மகன் நிதினும் நானும். அது தனியாகச் செய்ய முடியாத வேலை. கண்ணாடியைச் சுற்றியுள்ள பசையை ஒரு மெல்லிய கம்பியால் அறுக்க வேண்டும். கம்பியின் ஒரு முனை வண்டிக்குள், ஒரு முனை வெளியே. உள்ளே அவன் இழுத்தால் வெளியே நான் விடவேண்டும். நான் இழுத்தால் அவன் விடவேண்டும். அறையை விட்டு வெளியே வராத வயதில் இருந்தான் அவன். நான் ஒன்று கேட்டால் தோளைக் குலுக்குவதோடு சரி. அன்று கம்பி இருந்ததால் பேச்சு வேண்டியிருக்கவில்லை. கடைசியில் புதுக் கண்ணாடியைப் பொருத்திவிட்டுப் பசையை எட்டிப் பார்த்து, “காய்ச்சிடுச்சாப்பா?” என்றான். காய்ந்துவிட்டதா என்று கேட்கிறான். நான் திருத்தவில்லை. தமிழில் கேட்டதே பெரிது. இப்போது அவன் டொராண்டோவில் வேலையில் இருக்கிறான். நான் அழைத்தால், ‘பிறகு பேசுகிறேன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வரும்.

இந்த அனுபவத்தை அக்காவிடம் விரிவாகச் சொன்னேன். மகன் பகுதியை விட்டுவிட்டு, தொழில்நுட்பப் பகுதியை மட்டும். அக்காவின் முகத்தில் நம்பிக்கை வந்தது. அன்று மாலையே கால்கரியிலிருந்து என் மனைவி கலா காணொளியில் வந்தாள். அக்கா விஷயத்தைச் சொன்னார்.

“அண்ணி, இவரு அந்தத் துண்டு விஷயத்தச் சொன்னாரா?” என்றாள் கலா.

“என்ன துண்டு?”

“கண்ணாடி மாத்தினாருல்ல, அப்புறம் மொத மழையில தண்ணி உள்ள வந்து என் கால்ல ஊத்துச்சு. அந்தக் கோடை முழுக்க மடியில ஒரு துண்டு, கால்ல ஒரு துண்டு வெச்சிக்கிட்டுத்தான் ஆஃபீஸ் போனேன். கடைசில கடையிலதான் சரி பண்ணினோம்.”

“ஒரு மூலையில கொஞ்சம் ஒழுகிச்சு” என்றேன்.

“அண்ணி, பூந்தொட்டி வெச்சிருந்தா பூத்திருக்கும்.”

6

ஆனாலும் நான் விடவில்லை. முதல் தடவை செய்த பிழை எதுவென்று எனக்குத் தெரியும். பசையை மூலையில் நிறுத்தி மறுபடி தொடங்கிவிட்டேன். இம்முறை ஒரே இழுப்பில் போட வேண்டும். காகிதத்தில் படம் வரைந்தேன். மறுநாள் காலை கூடுவாஞ்சேரிக்குப் போய்க் கண்ணாடியை வாங்கி வர ஓர் ஆட்டோ பேசினேன். கிளம்பி, பெருங்களத்தூர் தாண்டியபின்தான் ஓட்டுநருக்கு எதற்குப் போகிறோம் என்று சொன்னேன்.

“இன்னா சார் சொல்ற? கார் கண்ணாடிய ஆட்டோல வெச்சி எட்த்துகினு வர்றதா?”

“பிடிச்சுக்கிட்டே வருவேன்.”

“நீ கண்ணாடிய புட்ச்சிப்ப. உன்ன யாரு புட்ச்சிப்பா? வண்டலூர்ல ஒரு பள்ளம் கீது சார். பேஜாராயிடும்.”

கடைக்காரர் நடுத்தர வயதுக்காரர். அந்தச் சாலையோரம் முன்பு அவர்கள் குடும்பத்து வயலாக இருந்தது என்றும், கடை நிற்கும் இடத்தில் வேர்க்கடலை போட்டார்கள் என்றும் நான் கேட்காமலே சொன்னார். கண்ணாடி, பசை, அறுக்கும் கம்பி எல்லாம் வேண்டும், நானே மாற்றிக்கொள்கிறேன் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தேநீர் வந்தது.

“சார் எங்க இருக்கீங்க?”

“கனடாவுல.”

“அங்க இப்ப வேலைய விட்டு எடுத்துட்டாங்களா சார்?”

“இல்லையே. வேலையிலதான் இருக்கேன்.”

“பரவால்ல சார், சொல்லுங்க. என் மச்சான் பையனும் அப்படித்தான் வந்துட்டான்.” குரலைத் தாழ்த்தினார். “வண்டிய எடுத்துட்டு வாங்க. கூலி நான் பாத்துப் போட்டுக்கறேன். கஷ்டம் எல்லாருக்கும் வரும்.”

வேலை இருக்கிறவன் தன் வண்டிக் கண்ணாடியைத் தானே கழற்றுவான் என்பதை அவரை நம்பவைக்க என்னால் முடியவில்லை. கண்ணாடியை எனக்கென்று எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, பசையையும் கம்பியையும் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஆட்டோக்காரர் மிகவும் நிம்மதியாக ஓட்டினார்.

7

மாமா வருவதற்கு முந்தின நாள் காலை நான் வாசலில் பழைய போர்வையை விரித்துக் கருவிகளை வரிசையாக அடுக்கினேன். முதலில் பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டால், பிறகு புதியது வந்துதானே ஆகவேண்டும் என்பது என் கணக்கு. கண்ணாடியின் துடைப்பான்களைக் கழற்றக் கை வைத்தபோது அக்கா கல்லூரிக்கு உடுத்தும் புடவையில் வந்து நின்றார். கையில் சாவி.

“டேய் ரவி, உண்மையச் சொல்லு. கண்ணாடிய மாத்தத் தெரியும்னு மாத்தறியா, ஜிஎஸ்டி ரோட்ல வண்டிய எடுக்கப் பயந்துக்கிட்டு மாத்தறியா?”

நான் துடைப்பானைப் பழையபடி கண்ணாடியில் படியவைத்தேன்.

“நானும் அதுக்குத்தான் சரி சரின்னேன். ரெண்டு பேரும் ஓட்டப் பயந்துக்கிட்டு வண்டியக் கழட்டிப் போட ரெடியாயிட்டோம். நல்ல குடும்பம்” என்றார் அக்கா. “நீ இதக் கழட்டி, அது ஒழுகி, அவரு மடியில துண்டு போட்டுக்கிட்டு உக்காருவாரா? தரகரத்தான் கூப்பிடுவாரு. விரிசல் உன் பக்கம்தானே இருக்கு? என் பக்கம் நல்லாத் தெரியுது. ஏறு.”

விரிசல் என் பக்கம்தான் இருந்தது. அதனால் நான் அன்று ஜிஎஸ்டி சாலையை இரண்டு துண்டாகப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே ஒரு பேருந்தின் சக்கரம், மேலே அதே பேருந்தின் நடத்துநர். இரண்டும் ஒட்டாமல், தனித்தனியாக எங்களை நோக்கி வந்தன. தாம்பரம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி ஒருமுறை அணைந்தது. பின்னால் ஒலித்த ஒலிப்பான்களுக்கு அக்கா பின்பார்வைக் கண்ணாடி வழியே பார்த்து, “வர்றேன் இருப்பா” என்று மரியாதையாகப் பதில் சொன்னார். வண்டலூர் தாண்டும் வரை நான், என் பக்கம் பிரேக் இருப்பதுபோல், காலால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

“எதுக்குடா அந்த மிதியடிய அந்த மிதி மிதிக்கற?”

“பழக்கம்.”

“அங்க பனியில ஓட்டுறவன்னு பீத்திக்கிட்டியே.”

“பனியில எதுக்க யாரும் வர மாட்டாங்கக்கா.”

ஊரப்பாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரியை அக்கா முந்தினார். முந்திய பிறகு, முந்திவிட்டோம் என்பது புரிந்து, தனக்குள் சிரித்துக்கொண்டார். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. துடைக்க ஒரு கையை எடுக்கவில்லை.

கடையில் இரண்டு பேர் வேலையை ஆரம்பித்தார்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, நடுவில் கம்பி. நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று சாலையைப் பார்த்தேன். கண்ணாடியை எடுப்பதற்கு முன் கடைக்காரர் மாமாவின் வேல் படத்தைப் பத்திரமாக உரித்துத் தர முயன்றார். எல்லோரும் சாமி படத்தைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டுவார்கள். மாமா மட்டும் ஏன் வெளிப்பக்கம் ஒட்டினார் என்று பூஜையன்றே நான் யோசித்ததுண்டு. படம் கிழிந்து வந்ததும் அதன் கீழே, இந்த விரிசல் தொடங்கும் இடத்தில், பழையதாக, அழுக்கேறி, ஒரு சின்னக் குழி இருந்தது.

“இது கல்லடி மேடம். ரொம்ப நாள் முன்னாடி பட்டது. அது மேல ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருக்காங்க” என்றார் கடைக்காரர்.

மாமா ஓட்டிய காலத்தில் பட்டது. அக்கா அந்தக் குழியைக் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

“அவர்கிட்ட சொல்லிடாதடா” என்றார், சிரிப்பு அடங்கியதும்.

8

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். பசை நன்றாக இறுகும் வரை கண்ணாடி நகராமலிருக்க நான்கு பக்கமும் அகலமான நீல நாடா ஒட்டியிருந்தார்கள். நாளை மறுநாள்வரை எடுக்கக் கூடாது, மெதுவாக ஓட்டலாம் என்றார் கடைக்காரர். மாமா நாளைக் காலை வருகிறார்.

அன்றிரவு சாப்பிடும்போது அதுவே பேச்சு. எடுத்துவிட்டால் மாமாவுக்குத் தெரியாது. ஆனால் கண்ணாடி நகர்ந்து ஒழுகலாம். நான், கலாவின் துண்டை மனதில் வைத்துக்கொண்டு, எடுக்கக் கூடாது என்றேன். வண்டிக்கு உறை போட்டு மூடிவிடலாம், இரண்டு நாள் எப்படியாவது சமாளிக்கலாம் என்றேன்.

“எதுக்கு மூடணும்?” என்றார் அக்கா. “நானே அவர ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டு வர்றேன்.”

“நாடாவோடயா?”

“நாடாவோட.”

காலையில் ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில், ஆட்டோக்களுக்கு நடுவே, நீல நாடா ஒட்டிய வண்டியில் காத்திருந்தோம். நான் பின்னிருக்கையில். அக்காவின் கைகள் ஸ்டியரிங்கை விடவேயில்லை. எழும்பூரில் இறங்கி மின்சார ரயிலில் வந்த மாமா, தோளில் பையும் கையில் கங்கைத் தண்ணீர்ச் சொம்புமாக வெளியே வந்தார். வண்டியைப் பார்த்து நின்றார். முன்னால் வந்து நாடாவைத் தொட்டுப் பார்த்தார்.

“என்ன இது?”

“கண்ணாடி ஒடஞ்சது. மாத்திட்டேன்” என்றார் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

“எப்படி ஒடஞ்சது?”

“பூஜை போட்டோம். உங்க மச்சான் தேங்கா ஒடச்சான்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் சொம்பைப் பார்த்தேன்.

“எங்க மாத்தின?”

“கூடுவாஞ்சேரில.”

“யாரு ஓட்டிட்டுப் போனது?”

“நான்.”

“ஜிஎஸ்டி ரோட்லயா?”

“வேற ரோடு இருக்கா?”

மாமா கண்ணாடியின் இடது கீழ்மூலைக்குப் போய்க் குனிந்தார். படம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. சுத்தமான கண்ணாடி. “இங்க ஒரு வேல் ஒட்டியிருந்தேனே.”

“ஒடஞ்ச கண்ணாடியோட போயிடுச்சு.” அக்கா அவரை நேராகப் பார்த்தார். “அந்த எடத்துலதான் பட்டுச்சு.”

மாமா நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. தரகர் என்ற சொல் அவர் வாயில் வருகிறதா என்று நான் காத்திருந்தேன். அக்காவும் அதற்குத்தான் காத்திருந்தார் என்பது பின்னாலிருந்து அவர் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மாமா பின்கதவைத் திறந்து சொம்பை என் மடியில் வைத்தார். பையைப் பக்கத்தில் போட்டார். சுற்றிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்து முன்னால் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைத் தேடி மாட்டிக்கொண்டார். அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கே இழுத்தால் அது நகரும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

அக்கா வண்டியைக் கிளப்பினார். சாலைக்கு ஏறும் இடத்தில் அணைந்தது. பின்னால் ஆட்டோக்கள் ஒலித்தன. மாமா வாயைத் திறந்தார்.

“ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார் அக்கா.

மாமா வாயை மூடிக்கொண்டார். அக்கா மறுபடி சாவியைத் திருப்பினார். வலப்பக்கம் பேருந்து ஒன்று போகக் காத்திருந்தார். அப்போது மாமா தன் பக்கத்துச் சன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டிச் சாலையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். வேகமாக வந்த ஒரு ஸ்கூட்டரைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

“லெஃப்ட்ல யாரும் இல்ல சுகு” என்றார். “எடு.”